ஒரு நூல் தூக்கி வைங்கண்ணே

கரையாம்புத்தூரில் கம்பெனி கொடுத்தபடியே ஓடுகிற வண்டி ஒன்றைக்கூடப் பார்க்க முடியாது. ஷோரூமில் மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி நசுக்கிக் கொண்டுவந்த வண்டியை, அந்த மாலை வாடுவதற்குள் மெக்கானிக் கடையில் நிறுத்திவிடுவார்கள். என்ன கோளாறு என்றால், கோளாறு ஒன்றும் இருக்காது. "எல்லாம் நல்லாத்தாண்ணே கீது. ஆனா இழுவை பத்தல. டைமிங்கை மட்டும் ஒரு நூல் தூக்கி வைங்கண்ணே" என்பார்கள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை ஒன்று உண்டு. எஞ்சினில் இருக்கிற சக்தி முழுவதையும் கம்பெனிக்காரன் வெளியே விடுவதில்லை; பாதியைப் பதுக்கிக்கொண்டுதான் விற்கிறான். ஏன் பதுக்குகிறான், பதுக்கி என்ன செய்யப்போகிறான் என்றெல்லாம் யாரும் கேட்டதில்லை. பதுக்கியிருக்கிறான், அவ்வளவுதான். அதை மீட்கும் வழி மேக்னட்டுக்குப் பின்னால் ஒரு வட்டத் தகட்டில் இருக்கிறது. மளிகைக் கடையில் எடை குறைந்தால்கூட வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டு போகிறவர்கள், குதிரைத்திறனில் மட்டும் ஒரு குன்றிமணி விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

மெக்கானிக் அண்ணனின் கடை ஒரு புங்கமரமும் ஒரு தார்ப்பாயும்தான். தென்பெண்ணைக்கு வடக்கே இந்தப் பக்கத்தில் புதுச்சேரி எங்கே முடிகிறது, தமிழ்நாடு எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்ல ஊர்க்காரனே கொஞ்சம் யோசிக்க வேண்டும். பெட்ரோல் எங்கள் புதுச்சேரிப் பக்கம் விலை குறைவு. அதனால் அந்தப் பக்கத்து ஆட்கள் டேங்கை நிரப்ப வருவார்கள், வந்த கையோடு டைமிங்கையும் தூக்கிக்கொண்டு போவார்கள். எல்லையில் போலீஸ்காரர்கள் சீட்டுக்கு அடியில் பாட்டில் இருக்கிறதா என்று பார்ப்பார்களே தவிர, மேக்னட் மூடியைக் கழற்றிப் பார்த்ததாகச் சரித்திரம் இல்லை.

அந்தத் தகட்டைத் திருப்பினால் அப்படி என்னதான் நடக்கிறது?

பிளக்கில் பொறி விழுந்ததும் பெட்ரோல் டமார் என்று வெடிக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வெடிப்பதில்லை, எரிகிறது. விழுந்த இடத்திலிருந்து தீ பரவ வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். எஞ்சின் நிமிஷத்துக்கு 6,000 சுற்று சுற்றும்போது, வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் கிராங்க் 36 டிகிரி திரும்பிவிடும். பிஸ்டன் உச்சிக்கு வந்து சேரட்டும் என்று காத்திருந்து பொறியைப் போட்டால், தீ பரவி முடிவதற்குள் அது கீழே போய்விட்டிருக்கும். அதனால்தான் உச்சிக்கு 20, 30 டிகிரி பாக்கி இருக்கும்போதே பொறி விழுகிறது. கணக்குச் சரியாக அமைந்தால், உச்சியைத் தாண்டி 15 டிகிரி வாக்கில் அழுத்தம் முழுசாகச் சேர்ந்து பிஸ்டனைக் கீழே தள்ளும். பொறியை முன்னால் தள்ளி வைப்பதைத்தான் எங்கள் ஊரில் தூக்குவது என்பார்கள். அளவுக்கு மேல் தூக்கினால், ஏறி வருகிற பிஸ்டனின் தலையிலேயே தீ உட்காரும். எஞ்சின் கிணுகிணுவென்று அடிக்கும். இறக்கினால் பாதித் தீ சைலன்சருக்குள் போய் எரியும். சரியான இடம் ஒன்றுதான். அந்த இடத்தைக் கம்பெனிக்காரன் கண்டுபிடித்துக் கோடு போட்டுத்தான் அனுப்புகிறான். ஆனால் அவன் போட்ட கோடு என்பதாலேயே அதன் மேல் சந்தேகம்.

ஊர் நம்பிக்கை வெறும் புரளியா என்றால், அதுவும் இல்லை. ஒரு காலத்தில் அது சத்தியமான உண்மை.

ராஜ்தூத், யெஸ்டி, திருவொற்றியூரிலிருந்து 1956 முதல் வந்த புல்லட், பிரான்ஸ் நாட்டு மோட்டோபெக்கான் கம்பெனியின் உரிமத்தில் இந்தியாவில் தயாரான சுவேகா மொபெட் எல்லாமே பாயிண்ட் வைத்த வண்டிகள். இரண்டு சின்னக் குமிழ்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். சுற்றிவரும் கேம் ஒன்றைத் தள்ளிப் பிரித்துவிடும். பிரிகிற அந்த நொடியில் பொறி விழும். கேமில் உரசுகிற குதிகால் ஃபைபரால் ஆனது. ஓட ஓட அது தேயும். தேய்ந்தால் இடைவெளி குறையும். இடைவெளி குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும். ஆக, யாரும் கைவைக்காமலே டைமிங் தானாக இறங்கிக்கொண்டே வரும். மாதக்கணக்கில் மெல்ல மெல்ல நடப்பதால் ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. ஒருநாள் ஆற்றங்கரை மேட்டில் பின்னால் உட்கார்ந்திருக்கும் சம்சாரத்தை இறங்கி நடக்கச் சொல்லும்போதுதான் தெரியும். சம்சாரத்துக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

அப்போது அண்ணன் வேலையில் இறங்குவார். சின்ன வயதில் எத்தனையோ மத்தியானங்கள் குந்தி உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறேன். பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டைக்குள் ஒரு சைக்கிள் போக்கம்பியை விடுவார். கையால் மேக்னட்டைச் சுற்றுவார். கம்பி மெல்ல மேலே ஏறி, ஒரு கணம் நின்று, இறங்கத் தொடங்கும். நின்ற இடம்தான் உச்சி. அங்கே கம்பியில் நகத்தால் ஓர் அடையாளம். அப்புறம் பாயிண்ட் இடைவெளி. 0.4 மில்லிமீட்டர் வேண்டும். அளக்கிற கேஜ் டப்பாவில் எங்கோ இருந்தது. ஆனால் அண்ணன் நம்பியது ஒரு கல்யாணப் பத்திரிகையின் அட்டையை. எல்லாப் பத்திரிகையும் ஆகாது. கையில் வருகிற பத்திரிகையை எல்லாம் விரலால் நெருடிப் பார்த்து, கனம் சரியாக இருந்தால் மட்டும் எடுத்து வைப்பார். பத்திரிகை வைக்க வந்தவர்கள் முகூர்த்த நேரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, இவர் கவனமெல்லாம் கட்டைவிரலில் இருக்கும். கடைசியில் சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் மெல்லிய தாளைப் பாயிண்ட்டுக்கு நடுவே செருகி, மேக்னட்டை ஒரு மயிரிழை நகர்த்துவார். தாள் நழுவி விடுபடுகிற இடம்தான் பொறி விழுகிற இடம். அதற்கேற்பத் தகட்டின் திருகைத் தளர்த்தி, மேக்னட் சுற்றும் திசைக்கு எதிர்த்திசையில் ஒரு நூல் தட்டி, முறுக்கி மூடுவார்.

வண்டி பறக்கும். உண்மையாகவே பறக்கும். சொந்தக்காரர் என்ன நினைப்பார்? கம்பெனி தராததை அண்ணன் தந்துவிட்டார் என்றுதானே? தேய்ந்துபோனதைத் திருப்பித் தந்திருக்கிறார் என்று யார் யோசிப்பார்கள்? அண்ணனும் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கவில்லை. சொல்லியிருந்தால் டீ கிடைத்திருக்காது.

புல்லட்காரர்கள் மட்டும் இந்த விஷயத்தில் அடக்கமானவர்கள். புல்லட்டில் டைமிங்கைக் கொஞ்சம் அதிகமாகத் தூக்கினாலும், உதைத்த கிக்கர் திரும்பி வந்து உதைக்கும். ஊரில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு நடக்கிற பெரியவர் யாரையாவது பார்த்தால், வாதமா என்று கேட்பதற்கு முன் புல்லட் வைத்திருந்தாரா என்று கேட்பது நல்லது.

அப்புறம் சி.டி.ஐ. என்ற எலக்ட்ரானிக் இக்னிஷன் வந்தது. ஆர்.எக்ஸ். 100 என்று சொன்னால் இன்றைக்கும் ஊர்ப் பையன்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். 1985 முதல் 1996 வரை வந்த அந்த வண்டியில் பாயிண்ட்டே கிடையாது. உரசுவதற்கு ஒன்றும் இல்லை, தேய்வதற்கும் ஒன்றும் இல்லை. கம்பெனி வைத்த டைமிங் வைத்த இடத்திலேயே நிற்கும். நியாயமாகப் பார்த்தால் ஊர் நம்பிக்கையும் அன்றோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. "பாயிண்ட் இல்லாட்டி இன்னா, டைமிங் இல்லாமப் போய்டுமா?" என்று தகட்டின் திருகு ஓட்டைகளை உருண்டை அரத்தால் ராவி நீளமாக்க ஆரம்பித்தார்கள். தூக்கினால் இழுக்கும் என்பது அவர்கள் கண்ணால் கண்ட உண்மையாயிற்றே.

ஒரு சின்னக் கணக்கு. உச்ச சக்தி கிடைக்கும் இடத்தைச் சுற்றி நாலைந்து டிகிரி முன்னே பின்னே போனால் பெரிய மாற்றம் வராது, ஓரிரு சதவீதம்தான். 70 சிசி மொபெட்டின் சக்தி 3.5 குதிரைத்திறன். அதில் இரண்டு சதவீதம் என்றால் சுமார் 50 வாட். வீட்டுக் கூடத்தில் கடகடவென்று சுற்றுகிற பழைய ஃபேனுக்கே 75 வாட் வேண்டும். அந்த 50 வாட்டும், கம்பெனி வைத்தது தப்பு என்றால்தான் கிடைக்கும். கம்பெனி சரியாக வைத்திருந்தால், அரம் பிடித்து ராவியதற்குக் கூலி கொடுத்து 50 வாட் குறைத்துக்கொண்டு வருகிறோம்.

டூ-ஸ்ட்ரோக்கில் இன்னொரு கூத்தும் உண்டு. பந்தய வண்டிகளில் உச்ச வேகத்தில் டைமிங்கைத் தூக்குவதில்லை, இறக்குகிறார்கள். இறக்கினால் சைலன்சருக்குள் சூடு கூடும், சூட்டில் புகையின் அழுத்த அலை வேகமாகப் போய்த் திரும்பும், எஞ்சின் இன்னும் மேலே சுற்றும். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓடும் வண்டிகளுக்கான இந்த ரகசியத்தை அண்ணனிடம் ஆர்வமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது ரேஸ் வண்டி தம்பி. நம்மளுது வைக்கோல் ஏத்துற வண்டி" என்றார். இஞ்சினியரிங் கல்லூரியில்கூட இவ்வளவு சுருக்கமாக யாரும் விளக்கியதில்லை.

சித்தப்பாவின் மொபெட்டுக்கு டைமிங் தூக்கியது அண்ணன் இல்லை, வேறொரு கை. சித்தப்பாவுக்கு ஒரு நூல் போதவில்லை. வண்டி கிணுகிணுவென்று அடித்தது. "கேளு, சவுண்டே வேற மாதிரி கீது பார்" என்று பெருமைப்பட்டார். அந்தச் சத்தம் எஞ்சின் போடும் கூக்குரல் என்று சொல்ல வீட்டில் யாருக்கும் துணிச்சல் இல்லை. பாகூர் சாலையில், நல்ல வெயிலில், பின்னால் இரண்டு மூட்டைக் கத்தரிக்காயோடு பின்சக்கரம் கிரீச்சென்று இறுகி நின்றது. பிஸ்டன் சீஸ். ஹெட்டைக் கழற்றியபோது பிஸ்டனின் ஓரம் எலி கடித்த முறுக்கு மாதிரி இருந்தது. பக்கவாட்டில் அலுமினியம் உருகி இழுபட்ட கோடுகள். சித்தி தலையில் கைவைத்துக்கொண்டாள். சித்தப்பா பிஸ்டனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எவ்ளோ வேகம் போயிருந்தா இது உருகி இருக்கும்!" என்றார். மண்ணெண்ணெயில் கழுவி டி.வி. ஸ்டாண்டில் வைத்தார். பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காப்பிக்கு முன்னால் அதைத்தான் காட்டினார்.

2024 டிசம்பரில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி வந்து பாகூர் பக்கமெல்லாம் மிதந்தபோது, வடிந்ததும் வடியாததுமாக வண்டிகள் புங்கமரத்தடியில் வரிசை கட்டின. மேக்னட்டுக்குள் சேறு, டேங்கில் தண்ணீர், ஏர் ஃபில்டரில் நத்தை. வண்டி உயிர் பிழைக்குமா என்றே தெரியாத நேரம். அப்போதும் ஒருவர், "எப்படியும் மேக்னட்டைக் கழட்டத்தானே போறீங்க…" என்று இழுத்தார். மீதியை அண்ணனே முடித்தார்: "தூக்கி வெச்சிட்றேன், போங்க."

இப்போது வருகிற வண்டிகளில் அதற்கும் வழியில்லை. 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து விற்கும் பி.எஸ். 6 வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கார்பரேட்டரை எடுத்துவிட்டு இன்ஜெக்‌ஷன் வைத்துவிட்டார்கள். எவ்வளவு பெட்ரோல், எந்த டிகிரியில் பொறி என்பதையெல்லாம் சீட்டுக்கு அடியில் ஒரு கறுப்புப் பெட்டி, சுற்றுக்குச் சுற்று கணக்குப் போட்டு முடிவு செய்கிறது. திருகும் கிடையாது, தகடு திருப்பவும் இடம் கிடையாது.

சித்தப்பா அப்படி ஒன்று வாங்கினார். வழக்கம்போல் மாலை வாடுவதற்குள் கொண்டுவந்து நிறுத்தினார். அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சொன்னார்:

"இதுல டைமிங் வண்டியில இல்லண்ணே. கம்ப்யூட்டர்ல கீது."

"அந்தக் கம்ப்யூட்டர் எங்க?"

"மாத்தறதுன்னா லேப்டாப்பு வேணும். ஷோரூம்லதான் வெச்சிருப்பாங்க."

சித்தப்பாவின் முகம் சிவந்தது. "பாத்தியா, பாத்தியா? முன்னெல்லாம் வண்டிக்குள்ள ஒளிச்சி வெச்சிக் குடுத்தான். இப்ப ஷோரூம்லயே வெச்சிக்கினான்!"

ஆர்.சி. புத்தகம், இன்ஷூரன்ஸ், பணம் கட்டிய ரசீது எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, தன் பாக்கியை வாங்கிவர அப்போதே கிளம்பினார். பழைய பிஸ்டனையும் மறக்காமல் எடுத்துக்கொண்டார், ஆதாரத்துக்கு.