பென்ஸ்டெமனின் பங்காளிகள்

பந்திங்கில் எதை நட்டாலும் முளைக்கும். வேலிக்கு ஊன்றிய மரவள்ளிக் குச்சிகூடத் துளிர்த்துவிடும். இப்படிப்பட்ட ஊரில் வளராத ஒன்றைத் தேடிப் பிடித்து வளர்ப்பவனுக்குத்தானே பெயர் கிடைக்கும்? நான் பிடித்தது பென்ஸ்டெமன்.

அலாஸ்காவிலிருந்து குவாத்தமாலா வரை சுமார் 280 வகைகள் உண்டு. நீலம், ஊதா, சிவப்பு என்று குழல் குழலாகப் பூக்கும். ஒவ்வொரு பூவிலும் ஐந்து மகரந்தக் காம்புகள். அதில் ஐந்தாவதற்கு மகரந்தம் கிடையாது. பல வகைகளில் அதன் நுனியில் மயிர் அடர்ந்திருக்கும். வேலைவெட்டி இல்லாமல் தாடி மட்டும் வளர்க்கும் அந்த ஐந்தாமவனைப் படத்தில் பார்த்ததுமே பாசம் ஒட்டிக்கொண்டது. பணி ஓய்வுக்குப் பிறகு நானும் தாடி வைத்திருக்கிறேன்.

பென்ஸ்டெமனுக்கு வேண்டியது சரளை மண்ணும் குளிர்காலமும். வேரில் தண்ணீர் தங்கவே கூடாது. எங்கள் கோல லங்காட் மாவட்டத்தில் கிடைப்பதோ சதுப்பு மண், களிமண், அந்தி மழை. செம்பனைக்கு அது சொர்க்கம். ஆனாலும் பூப்பந்து வீரர்களான சிடேக் சகோதரர்களின் ஊரான காஞ்சோங் டாராட் இங்கேதான் இருக்கிறது. பூப்பந்து வளர்ந்த மண்ணில் பூ வளராதா?

பல வகைகளின் விதை, ஈரக் குளிரில் சில வாரம் கிடந்தால்தான் முளைக்கும். பந்திங்கில் குளிர்காலம் இருக்கும் ஒரே இடம் எங்கள் ஐஸ் பெட்டி. அது மனைவியின் ஆட்சிக்கு உட்பட்டது. ஈரத்தாளில் விதையை மடித்து, தோசை மாவுக்கும் நெத்திலிக்கும் நடுவே ஒளித்து வைத்தேன்.

"என்னங்க இது, மிளகா விதையா?"

"அமெரிக்கா."

"அமெரிக்காவோ ஆப்பிரிக்காவோ, மாவுப் பாத்திரத்த நகர்த்தாதீங்க."

முளைத்தது என்னவோ உண்மை. அடியில் சல்லி, மேலே ஆற்று மணல் என்று தொட்டி மாளிகையே எழுப்பினேன். மழை இறங்கினால் கொடியில் காயும் துணியை விட்டுவிட்டுத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடுவேன். துணி நனைந்த கதையை இங்கே விரிவாகச் சொல்வது குடும்பத்துக்கு நல்லதல்ல. அப்படிக் காத்தும், அடித்தண்டு கறுத்து, நாற்றுகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. "கேமரன் மலையில வீடு பாருங்கண்ணே," என்றார் பக்கத்து வீட்டு அம்மா.

நான் விடுவேனா? வம்சாவளியில் இறங்கினேன். தாவரவியலார் மரபணுவைப் பார்த்துப் பழைய ஸ்க்ரோபுலாரியேசி குடும்பத்தில் பாகப்பிரிவினை நடத்தி, பென்ஸ்டெமனைப் பிளான்டஜினேசி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்த வீட்டுப் பங்காளிகள் யார் என்று பார்த்தால், வாசலில் வெயில் காயும் ஏஞ்சலோனியா. சாக்கடை ஓரத்தில் மனைவி ஒரு குச்சியை ஒடித்துச் செருகி, பிறகு திரும்பியே பார்க்காத ருசேலியா. அதன் சிவப்புக் குழல்களில் தேன்சிட்டு தினமும் தொங்குகிறது. ஈரத்தில் படரும் நீர்ப்பிரமியும் அதே வம்சம்.

இப்போது விருந்தாளி வந்தால் கேட் அருகிலேயே நிறுத்தி, "பென்ஸ்டெமன் குடும்பம். கொஞ்சம் அபூர்வம்," என்கிறேன். இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. இரண்டாவது வாக்கியம் மட்டும் சற்றே தாராளம்.

போன வாரம் வந்த சம்பந்தியிடம் உற்சாகம் மிஞ்சி, மலச்சிக்கலுக்குக் குடிக்கும் இசப்கோல்கூட அதே குடும்பம்தான் என்று சொல்லித் தொலைத்தேன். மனைவி காதில் விழுந்துவிட்டது. அன்று இரவு எல்லார் முன்னிலையிலும் கண்ணாடிக் குவளையை நீட்டினாள்.

"இந்தாங்க, உங்க பென்ஸ்டெமன். கெட்டியாகறதுக்குள்ள குடிச்சிடுங்க."