குப்பையும் விலைக்குத்தான்

ஞாயிறு இரவு ஒன்பதரை மணிக்குப் பாயை விரிக்கும்போது மகள் சொன்னாள்: "அப்பா, நாளைக்கு வேஸ்ட்ல ஒரு வீடு செஞ்சு எடுத்துட்டுப் போகணும்." இந்த மாதிரி விஷயத்தை எந்தப் பிள்ளையும் வெள்ளிக்கிழமை சொன்னதாகச் சரித்திரம் இல்லை.

வேஸ்டுக்கா பஞ்சம் என்று எழுந்தேன். பஞ்சம்தான். அட்டைப்பெட்டி, பாட்டில், பால் கவர் எல்லாம் அன்று காலைதான் பழைய பேப்பர்காரரிடம் போயிருந்தன. "இப்ப வீட்ல வேஸ்ட்டுன்னு மிச்சம் இருக்கிறது..." என்று ஆரம்பித்த மனைவி, என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

பாரிவாக்கம் சிக்னல் பக்கம் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்த கடையில் பத்துத் தீப்பெட்டியும் பசையும் வாங்கினேன். பதினாலு வருஷம் ஒரு ரூபாயாகவே இருந்த தீப்பெட்டி 2021 டிசம்பரில் இரண்டு ரூபாயானபோது நான் கவலைப்படவில்லை. அப்போது நான் வீடு கட்டவில்லை.

வேஸ்ட்டில் பொருள் செய்யும் கலைக்கு நம் நாட்டில் ஆதிகுரு அரவிந்த் குப்தா. 1975இல் கான்பூர் ஐஐடியில் படித்து முடித்தவர். லாரி கம்பெனி வேலைக்கு லீவு போட்டுவிட்டு, 1978இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் பகுதிக் கிராமப் பள்ளிகளுக்குப் போனார். சைக்கிள் வால்வு டியூபை நறுக்கி, அதில் தீக்குச்சிகளைச் செருகி, முக்கோணம், சதுரம், வீடு என்று பிள்ளைகளையே கட்டவைத்தார். 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அந்தப் "பிள்ளைகளையே"வைத்தான் நான் கவனிக்கவில்லை. மகளைத் தூங்கச் சொல்லிவிட்டு, குச்சி முனையில் மருந்தைச் சுரண்ட உட்கார்ந்தேன்.

இரவு ஒரு மணிக்கு வீடு எழும்பியது. ஒன்றே காலுக்கு ஆவடிப் பக்கம் சாய்ந்தது. நிமிர்த்தினேன், பூந்தமல்லிப் பக்கம் சாய்ந்தது. சாமி முன்னால் வைத்துவிட்டுப் படுத்தேன்.

காலையில் பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டே வந்தாள் மகள். எரிந்து முடிந்த ஊதுவத்திக் குச்சிகளைத் தட்டிலிருந்து எடுத்து, சுவருக்கு ஒன்றாகக் குறுக்கே ஒட்டினாள். வீடு நின்றது. "சதுரம் நசுங்கும்ப்பா. முக்கோணம் நசுங்காது. மிஸ் போன வாரமே சொன்னாங்க."

அந்த வீட்டில் அசல் வேஸ்ட் என்றால் அந்த ஊதுவத்திக் குச்சிதான்.

அடுத்தது செம்பரம்பாக்கம் ஏரியாம். அசல் ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, ஆழம் 24 அடி. எனக்கு ஓர் ஐஸ்கிரீம் டப்பா போதும். ஒழுகாததாக உங்கள் வீட்டில் இருந்தால், பேப்பர்காரர் வருவதற்குள் ஒரு குரல் கொடுங்கள்.