டார்வின் வீட்டுத் தபால்

டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' ரொம்ப வருஷமாக என் அலமாரியில் இருக்கிறது. முன்னுரையைத் தாண்டியதில்லை. முழுசாகப் படித்ததாக நாலு பேரிடம் அடித்துவிட்டிருக்கிறேன். நல்லவேளை, அந்த நாலு பேரும் முன்னுரைக்கே போகாதவர்கள்.

சரி, மனுஷன் எழுதிய கடிதங்களையாவது பார்ப்போம் என்று இறங்கினேன். அடுத்தவர் கடிதம் என்றால் நமக்குத் தூக்கம் வராதே! அவர் எழுதியதும் அவருக்கு வந்ததுமாகச் சுமார் 15,000. கேம்பிரிட்ஜ் பதிப்பு 30 வால்யூம். பரிணாமத்தைத் தேடித்தான் போனேன். அவருடைய வயிற்றுக் கோளாறில் நின்றுவிட்டேன்.

1861-ல் நண்பர் லயெலுக்கு எழுதுகிறார்: உடம்பு முடியவில்லை, மண்டை ஓடவில்லை, யாரைப் பார்த்தாலும் எதைப் பார்த்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. அட, திங்கட்கிழமை காலையில் அப்படியே நான்! என்ன, அவர் அந்தப் புத்தகத்தை வெளியிட்டுவிட்டுப் புலம்பினார். நான் பல் தேய்ப்பதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடுவேன்.

பாறையிலும் கப்பலடியிலும் ஒட்டிக்கொள்ளும் பார்னக்கிள் என்ற பிராணியோடு 1846-லிருந்து 1854 வரை மல்லுக்கட்டியிருக்கிறார். என்னைப் போல இதை வெறுத்தவன் எவனும் இல்லை என்று நடுவில் உறவினர் ஃபாக்ஸிடம் ஒரே ஒப்பாரி. வெறுத்துக்கொண்டே நாலு வால்யூம் முடித்தார். நான் ஆசை ஆசையாகச் சேர்ந்த கிடார் கிளாஸ் பற்றி வீட்டில் இப்போது யாரும் பேசுவதில்லை.

ஆனால் அவரிடம் எனக்கு ஆகாத பழக்கம் ஒன்று உண்டு. கிறுக்குத்தனமாக எவர் எழுதினாலும் பதில் போட்டுவிடுவாராம். போடாவிட்டால் மனசு உறுத்துமாம். மகன் பிரான்சிஸ் எழுதி வைத்திருக்கிறார். தொந்தரவுப் பேர்வழிகளுக்கென்று ஒரு பதிலை அச்சடித்தே வைத்திருந்தும், அதை அனுப்பியதே அபூர்வமாம். நான் வாட்ஸாப்பில் ப்ளூ டிக்கையே அணைத்து வைத்திருக்கிறவன். உறுத்தலா? டேட்டா மிச்சம்.

கடிதங்களைக் கம்பியில் குத்தி வைப்பது, கம்பி நிறைந்தால் மொத்தமாக எரித்துவிடுவது. 1862 வரை இதுதான் அவர் வழக்கம். இதில் மட்டும் நான் அவர் வாரிசு. போனில் இடமில்லை என்று நானும் மொத்தமாக அழித்தேன். போனது கல்யாண போட்டோக்கள். மிஞ்சியது குட் மார்னிங் ரோஜாப்பூக்கள்.

மிஞ்சியதற்காவது மரியாதை செய்வோம் என்று பெரியப்பா அனுப்பியிருந்த ரோஜாக்களுக்கெல்லாம் வரிசையாக வணக்கம் போட்டேன். ஒரு நிமிஷத்தில் அவரிடமிருந்து போன்.

"என்னப்பா, உடம்பு கிடம்பு சரியில்லையா? இல்ல, பணம் ஏதாச்சும் வேணுமா?"