வடக்கு பார்த்த வைதிகம்

மழைத் தூறலில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, வீட்டு நாய் ஒரே புல்தரையைப் பன்முறை பிரதட்சிணம் செய்வது கண்டு பொறுமையிழக்கும் எஜமானர்கள், தாம் எத்தகைய மகாகாரியத்துக்கு இடையூறு விளைவிக்கிறோம் என்பதை உணர்வதில்லை. செக் நாட்டு, ஜெர்மானிய விஞ்ஞானிகள் 37 ஜாதிகளைச் சேர்ந்த 70 நாய்களின் மலவிசர்ஜனத்தை 1,893 தடவை சிரத்தையுடன் கவனித்து, பூமியின் காந்தப்புலம் சலனமற்றிருக்கும் வேளையில் அவை வடக்கு தெற்காகவே உடலை நிறுத்த விரும்புகின்றன என்று 2013-இல் வெளியிட்டார்கள். மறுவருஷமே, சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆராய்ச்சிகளுக்கான இக் நோபெல் பரிசும் பெற்றார்கள். பகலில் வடக்கு நோக்கியும் இரவில் தெற்கு நோக்கியும் அமர்க என்று மனுஸ்மிருதி விதித்த ஆசாரத்தை, கொத்தனார் பீங்கானைப் பதித்த திக்கிலெல்லாம் உட்காரும் நாம் கைவிட்ட பின்னும், எவரும் உபதேசிக்காமலே இந்த ஜீவன்கள் காத்து வருவது சாமான்யமா? ஆகையால், வாஸ்து நிபுணருக்குரிய தட்சிணையை மிச்சப்படுத்தி, மனையில் ஒரு நாயை அவிழ்த்துவிட்டு, அது குந்தும் திக்கில் அஸ்திவாரம் தோண்டுவதே விவேகம். சர்வே இலாகாவினரும் தங்கள் திசைகாட்டிகளை ஏலம் விடலாம். சூரியனின் சீற்றத்தால் காந்தப்புலம் கலங்கிய நாட்களில் மட்டும், சூரியன் சாந்தமடையும்வரை எஜமானர் தெருவிலேயே காத்து நிற்பது தர்மம்.

அவ்வாறு நின்றும் பயனின்றி வீடு திரும்பியதும், கூடத்துக் கம்பளத்தின்மீது நாய் காரியத்தை நிறைவேற்றிவிடுவதுண்டு. பிரம்பை எடுக்குமுன் திசைகாட்டியை எடுத்துப் பாருங்கள். ஒரு பாகைகூடப் பிசகியிராது.