ஆடும் ஸ்டீயரிங்

கேள்வி: என் பழைய மாருதி 800-ல் ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் திருப்பினால் சக்கரம் அசைவதே இல்லை. ரேக்கை டைட் வைத்தால் போதும் என்கிறார்கள். வைக்கலாமா?
– வாசகர், மணப்பட்டு

பதில்: அவசரப்படாதீர்கள். ரேக்கின் பல் நடுவில்தான் அதிகம் தேயும். அந்தத் தேய்மானத்தால் வரும் ஆட்டம் நிற்கும்வரை இறுக்கினால், முழுசாக ஒடிக்கும்போது ஓரத்தில் பிடித்துக்கொள்ளும். வளைவு முடிந்தும் ஸ்டீயரிங் தானாகத் திரும்பாது. கடலூர் சாலையில் எதிரே பஸ் வரும்போது வண்டி அடம்பிடிக்கலாமா?

முதலில் டயரில் காற்று சரியா பாருங்கள். பிறகு இன்ஜினை அணைத்து, ஒருவர் ஸ்டீயரிங்கைச் சின்னதாக இப்படியும் அப்படியும் ஆட்டட்டும். நீங்கள் குனிந்து டை ராடு எண்டில் விரலை வையுங்கள். ராடு அசைந்தும் சக்கரம் அசையவில்லையா? குற்றவாளி அந்த எண்டுதான். கிழிந்த ரப்பர் பூட்டும், மண் அப்பிய கிரீஸும் சாட்சி. கடலோர ஊரில் பூட் கிழிந்தால் உப்புக்காற்று சும்மா விடாது.

அடுத்து ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தை மேலும் கீழுமாக ஆட்டுங்கள். ஆடினால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட். எண்டை மாற்றினால் அலைன்மெண்ட் கட்டாயம்.

2014-ல் உற்பத்தி நின்றாலும் இந்த வண்டிக்கு உதிரிபாகம் கிடைக்கிறது. ஆட்டம் தீரும்வரை சாலையில் எடுக்காதீர்கள்.