வீடு மாறியாச்சு, சபை?

பெரம்பூரிலிருந்து மேடவாக்கத்துக்குக் குடிபெயரும் கிறிஸ்தவக் குடும்பம் ஜெபித்துவிட்டு முதலில் பார்க்க வேண்டியது பார்க்கிங். கார் நிற்கவே இடமில்லாத சபையில் ஆத்துமா எப்படி நிலைத்து நிற்கும்?

உபதேசத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் பெரியவர்கள் பல்லாண்டு பேசிப் பேசி, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபையாக இணைந்து அந்த வேலையை முடித்துவிட்டார்கள். ஏசியையும் ஸ்பீக்கரையும் நிம்மதியாக ஒப்பிட்டுப் பார்க்க நமக்கு நேரம் கிடைத்தது அவர்கள் புண்ணியம்.

பிரசங்கம் இருபது நிமிடத்தைத் தாண்டினால், அடுத்த வாரம் அடுத்த சபை. பாமாலைக்கு ஆர்கன்தான் வேண்டும் என்று மாமனாரும், டிரம்ஸ் இல்லாவிட்டால் வரமாட்டேன் என்று மகனும் அடம்பிடித்தால், ஆளுக்கொரு சபையில் இறக்கிவிடுங்கள். ஆராதனை முடிந்து பிரியாணிக் கடையில் சந்தித்துக்கொள்ளலாம், அதுவும் ஐக்கியம்தான். முகநூல் நேரலையில் ஆராதனை வரும் சபைக்குக் கூடுதல் மதிப்பெண். மழைக்காலத்தில் கட்டிலிலிருந்தே எழுந்து நிற்கலாம்.

இப்படிச் சலித்தெடுத்தால் எல்லாம் பொருந்திய சபை ஒன்று கட்டாயம் அமையும். ஆயர் புன்னகையோடு உட்காரவைப்பார். பிறகு அவருடைய பட்டியலை எடுப்பார்: பழைய சபையின் மாறுதல் கடிதம், திடப்படுத்தல் சான்று, சந்தா ரசீது. "கடைசியாகத் திருவிருந்து எடுத்தது எப்போது?" என்றும் கேட்பார்.

அந்த நேரத்தில் பார்க்கிங் பேச்சை எடுக்காதீர்கள். சந்தா பாக்கியைக் கட்டிவிடுங்கள். கல்யாணத்துக்கும் கல்லறைக்கும் அந்த ரசீதைத்தான் கேட்பார்கள்.