எண்ணெய் எங்கிருந்து எழுகிறது?

விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு எண்ணெய் புதிதில்லை. விருதுநகர் மார்க்கெட் எண்ணெய் விலை பத்திரிகையில் வருகிறது. பரோட்டாவைக்கூட எண்ணெயிலேயே பொரித்தெடுத்துத் தின்கிற மண் இது. இருந்தும், திருச்சுழிப் பக்கம் எங்கள் கொட்டகையில் நிற்கும் டிராக்டர் சிந்துகிற எண்ணெய்க்கு மட்டும் எந்த மார்க்கெட்டிலும் விலை போட்டதில்லை.

வண்டி எந்தக் கம்பெனி என்று சொல்லமாட்டேன். கம்பெனி மேல் குற்றமில்லை, வயசு மேல்தான். அப்பா அதை வாங்கியபோது திருச்சுழி ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. 1985-இல் விருதுநகர் மாவட்டம் தனியாகப் பிரிந்தது. "அப்ப இருந்துதான் ஒழுகுது" என்பார் அம்மா, பிரித்தவர்கள் ஏதோ ஒரு பேக்கிங்கைத் திரும்ப மாட்டாமல் விட்டுவிட்டதைப் போல.

இந்தத் தலைமுறை வண்டிகளின் பூர்வீகம் கௌரவமானது. 1959-இல் ஃபரிதாபாத்தில் ஐஷர் டிராக்டர் வெளிவந்தது. அடுத்த ஆண்டு சென்னையில் டாஃபே தொடங்கி, மாஸி பெர்குசனைக் கரிசல்காடு வரை கொண்டுவந்து சேர்த்தது. 1963-இல் மஹிந்திராவும் களத்தில் இறங்கியது. இதில் பெர்குசன் வம்சத்துக்குத் தனிப் பெருமை ஒன்று உண்டு. எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரி, 1958 ஜனவரி 4-ஆம் தேதி தென் துருவத்துக்குப் போய்ச் சேர்ந்தது பெர்குசன் டிராக்டரில்தான். இதை எங்கள் மெக்கானிக் அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் அசரவில்லை.

"அங்கன ஆயில் ஒறஞ்சுல்ல கெடக்கும், எப்பிடித் தம்பி ஒழுகும்? சித்திரையில நரிக்குடி ரோட்டுல ஓட்டச் சொல்லுங்க, பாப்போம்."

வாஸ்தவம்தான். சூட்டில் ஆயில் தண்ணியாகிறது. அதே சூட்டில் ரப்பர் இறுகி வளையல் துண்டு மாதிரி உடைகிறது. பழைய இஞ்சின்கள் பலவற்றில் கிராங்க் ஷாஃப்டின் பின்பக்கம் ரப்பர்கூடக் கிடையாது. கிராஃபைட் ஏற்றிய கயிறு, மேலே ஒரு துண்டு, கீழே ஒரு துண்டு. டேப்பட் கவருக்குத் தக்கை பேக்கிங். தக்கை என்பது ஒரு மரத்தின் பட்டை. உலகத்துக்கே அதிகமாக அனுப்புகிற நாடு போர்ச்சுக்கல். போர்ச்சுக்கல் மரப்பட்டைக்கும் திருச்சுழி வெயிலுக்கும் ஜாதகப் பொருத்தம் யார் பார்த்தார்கள்?

ரமண மகரிஷி 1879-இல் பிறந்த ஊர் எங்களுடையது. எண்ணம் எங்கிருந்து எழுகிறது என்று மூலத்தைத் தேடச் சொன்னவர் அவர். எண்ணெயின் மூலத்தைத் தேடுவதும் அதற்குக் குறைந்த தவமில்லை. சொட்டுகிற இடம் ஒன்று, ஒழுகுகிற இடம் ஒன்று. டேப்பட் கவரில் கசிவது இஞ்சின் சுவரோடு இறங்கி, ஃபேன் காற்றில் பின்னால் தள்ளப்பட்டு, நடுவில் புழுதியைச் சேர்த்துக்கொண்டு, கிளட்ச் ஹவுசிங் அடியில் வந்து சொட்டும். அடியில் சொட்டுவதைப் பார்த்ததும் டீக்கடையில் இருக்கிற அத்தனை பேரும் தீர்ப்பு எழுதிவிடுவார்கள்: "பேக் சீல் போச்சு."

கிராங்க் ஷாஃப்டின் பின்பக்கத்தை அடைக்கிற இந்த பேக் சீல் லேசான விஷயமில்லை. சீல் விலை பெரிதில்லை. ஆனால் அதைத் தொட வேண்டுமென்றால் இஞ்சினையும் கியர் பாக்ஸையும் பிரித்து, வண்டியை நடுவில் இரண்டாகப் பிளக்க வேண்டும். முன்பாதி ஒரு பக்கம், பின்பாதி ஒரு பக்கம், இடையில் ஜாக்கிகள், மரக்கட்டைகள், வேப்பமரத்தில் செயின் பிளாக், சுற்றிலும் ஆலோசகர்கள். அந்த நேரம் பார்த்து மழை பெய்துவிட்டால் போச்சு. மானாவாரிக் கரிசலில் ஈரம் காயும் முன் உழுது விதைத்தால்தான் உண்டு. புரட்டாசியில் பாதி டிராக்டரை வைத்துக்கொண்டு எவனும் மல்லி விதைக்க முடியாது.

அதனால் அண்ணாச்சி எதையும் பிரிக்கவில்லை. முதலில் மண்ணெண்ணெய் ஊற்றி இஞ்சினைக் கழுவச் சொன்னார். கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்த்ததில், வண்டிக்கு ஒரு நிறம் இருந்ததே அன்றைக்குத்தான் தெரிந்தது. காய்ந்த பிறகு, "வீட்டுல முகத்துக்குப் போடுற பவுடர் இருக்கா?" என்றார். என் வீட்டுக்காரியின் டப்பா வந்தது. சந்தேகப்படுகிற மூட்டுகளில் எல்லாம் பவுடரைத் தூவி, இஞ்சினை ஓடவிட்டு, எந்த இடத்தில் முதலில் ஈரம் தெரிகிறது என்று பார்ப்பது கணக்கு. அந்த வழியாகப் போன பெரியப்பா நின்று பார்த்தார். வெள்ளை முகத்தோடு புகைவிட்டு நடுங்கிக்கொண்டிருந்த வண்டியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்னப்பு, பொண்ணு பாக்க வாராகளா?" என்றார்.

பவுடர் முதலில் நனைந்தது டேப்பட் கவரில். பேக் சீல் பக்கமும் நனைந்தது, ஆனால் சாவகாசமாக. அண்ணாச்சி ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தார். உள்ளேயிருந்து குபுகுபுவென்று காற்று வந்தது. "மூச்சு முட்டுது தம்பி இதுக்கு." இஞ்சினுக்குள் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் காற்று எப்போதும் இறங்கும். அது வெளியே போக ப்ரீத்தர் குழாய் உண்டு. அது அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, பலவீனமான பேக்கிங் எதுவோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளும். ப்ரீத்தரைக் கழற்றினோம். பாதி தூரத்துக்குக் குளவி மண்கூடு. கம்பியை விட்டுக் குத்தினதும் கரிசல் மண் பொலபொலவென்று விழுந்தது.

மீதி ஒழுகல்களில் ஹைட்ராலிக் பக்க மூடி ஒன்று. அதற்குக் காகித பேக்கிங் போதும். கடைக்குப் போக வேண்டியதில்லை, சிவகாசி இருக்கிற மாவட்டத்தில் காலண்டர் அட்டைக்கா பஞ்சம்? அட்டையை மூடியின் மேல் வைத்து ஓரத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால், விளிம்பே கத்தியாகி அட்டையை நறுக்கிக் கொடுத்துவிடும். சிக்கல் வேறு. அம்மா எடுத்துத் தந்த காலண்டரில் முருகன். அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுச் சுத்தியலைக் கீழே வைத்தார். அடுத்ததில் லட்சுமி. அதற்கடுத்ததில் ஒரு கட்சித் தலைவர்; அவரைத் தட்டத் தயார்தான், ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் அந்தக் கட்சி. கடைசியில் நகைக்கடைக் காலண்டர் ஒன்று அகப்பட்டது. அதில் சிரித்துக்கொண்டிருந்த நடிகையை ஷெல்லாக் பூசி உள்ளே வைத்து போல்ட்டை மாட்டினோம். இன்றுவரை சொட்டு கசியவில்லை.

சிரித்துவிட்டுப் போக முடியாத ஒழுகலும் ஒன்று இருந்தது: பின்சக்கரத்து ஆக்சில் சீல். அதில் கசிகிற கியர் ஆயில் நேராக பிரேக் டிரம்முக்குள் போகும். உழும்போது வரப்போரத்தில் ஒரு பக்க பிரேக்கை மிதித்துத்தான் வண்டியைச் சட்டென்று திருப்புவது. எங்களுக்கு வலது பிரேக் எண்ணெயில் ஊறிப்போனதால் வண்டி இடது பக்கம் மட்டுமே ஒழுங்காகத் திரும்பியது. எங்கள் புஞ்சையில் உழவுசால் எல்லாம் ஒரே கொள்கையில் ஓடியதற்கு இதுதான் காரணம். ட்ரெய்லரில் ஆள் ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் போனால் இது விளையாட்டில்லை. இதற்கு மட்டும் தாமதம் செய்யாமல் சக்கரத்தை இறக்கினோம். பழைய சீல் உரசி உரசி ஷாஃப்டில் பள்ளம் விழுந்திருந்தது. புது சீலை அதே இடத்தில் அடித்தால் மறுநாளே ஒழுகும். அண்ணாச்சி அதை ஒரு நூல் வெளியே நிற்கவிட்டார். உதடு தேயாத இரும்பில் உட்கார்ந்தது. ஊறின பிரேக் ஷூவைக் கழுவிப் போடலாமா என்று கேட்டதற்கு அவர் பார்த்த பார்வையிலேயே புதுசு வாங்கிவிட்டேன்.

பேக் சீலை விட்டுவிட்டோம். அடியில் ஒரு தகர டப்பா வைத்திருக்கிறேன். அந்த டப்பாவுக்கு முன்பதிவே உண்டு: கரையான் ஏறாமலிருக்கக் கதவுநிலைக்குப் பூச பெரியப்பா, கிணற்றுக் கப்பிக்கு மேலவீட்டுச் சித்தி, படல் கால்களுக்குக் கிடைபோடுகிறவர். ப்ரீத்தர் சுத்தமானதிலிருந்து வரத்து குறைந்துவிட்டது. "நல்லா ஒழுகிக்கிட்டிருந்த வண்டியக் கெடுத்துப்புட்டான்" என்று பெரியப்பா என்மேல் வருத்தத்தில் இருக்கிறார்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டீசல் ஒழுகினாலும் பிரேக் பக்கம் ஒழுகினாலும் அன்றே பாருங்கள். பேக் சீல் மெதுவாகச் சொட்டினால் தினமும் டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்த்து ஆயில் ஊற்றிக்கொண்டு, பங்குனி சித்திரை வரை ஓட்டுங்கள். எதற்கும் ஸ்பேனரை எடுக்கும் முன் ப்ரீத்தருக்குள் குளவி குடியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.